வண்டிக்குச் சொல்லிடுங்க

வசந்தா,

நலம்னு ஆரம்பிச்சா நீ நம்பமாட்டே. நர்ஸுக்கு நர்ஸு எழுதுற கடுதாசியில அந்தப் பொய் நிக்காது. ரெண்டு காலும் வீங்கிக் கெடக்குது. விரலை வச்சி அழுத்தினா குழி விழுந்து அப்படியே நிக்குது. மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது, தலைகாணி மேல தலைகாணி போட்டு உக்காந்த மாதிரியேதான் கண்ணை மூடுறேன். இதுக்கு இன்னா அர்த்தம்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்க அண்ணன் வர்ற வாரம் என்னை பாண்டிச்சேரிக்கு இட்டாந்து உன் வார்டுலயே சேக்கப் போறான். அங்க வந்து படுத்துட்டா நாம பேச முடியாது. சுத்தி ஆளுங்க இருப்பாங்க, நீ வெள்ளை உடுப்புல நிப்பே, நான் உன்னை நர்ஸம்மாவா பாப்பேனே தவிர பெத்த பொண்ணா பாக்கத் தோணாது. அதனால இங்க மடுகரையில உக்காந்து, மூச்சு வாங்குறப்ப பேனாவை வச்சிட்டு, அடங்கினதும் மறுபடி எடுத்து எழுதிக்கினு இருக்கேன். பொறுமையா படி. பாதியில மடிச்சி வச்சிட்டு அழப் போயிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

உன்கிட்ட நான் கேக்கப் போறது ஒண்ணே ஒண்ணுதான், அதைக் கடைசியில எழுதுறேன். அதுக்கு முன்னாடி உன் வேலையைப் பத்திப் பேசணும். நோயாளியோட ஆளுங்க காதுல மட்டும் விழுற மாதிரி, "வண்டிக்குச் சொல்லிடுங்க"ன்னு சொல்றியே, அதைப் பத்தி.

நம்ம பக்கத்து ஜனங்களுக்கு சாவு மேல இருக்குற பயத்தைவிட வெளியில போயி சாவுறது மேலதான் பயம் அதிகம். உசுரோட தூக்கினு வந்தா வாசப்படி தாண்டி உள்ள படுக்க வைக்கலாம், பொண்ணு புள்ளைங்க சுத்தி உக்காந்து வாயில பால் ஊத்தலாம். ஆஸ்பத்திரியில போன உடம்புன்னா வூட்டுக்குள்ள எடுக்கறதில்ல. சில ஊருல தெருவுக்குள்ளயே விடமாட்டாங்க, ஊர் எல்லையில வண்டியை நிறுத்தி அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டு போவணும். அதனாலதான் வார்டுல டாக்டரு பேசுறப்ப அவங்க டாக்டரைப் பாக்கறதில்ல, பின்னாடி நிக்குற நர்ஸு மொகத்தைப் பாப்பாங்க. நேரம் தப்பிடக்கூடாதேன்னு தவிப்பு.

இந்தப் பேச்சை ஆரம்பிச்சது நீங்க இல்ல, நாங்க. பிரெஞ்சுக் கொடி எறங்கி நம்ம கொடி ஏறின வருஷம் நான் வேலை பாத்த சின்ன ஆஸ்பத்திரியில இருந்த வெள்ளைக்கார டாக்டரு கப்பல் ஏறிட்டாரு. கூட இருந்த கன்னியாஸ்திரி, மசேர்னு நாங்க கூப்பிடுவோமே, அவங்களும் டவுனுக்கே போயிட்டாங்க. புது டாக்டரு இதோ வராரு அதோ வராருன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. மருந்து சீசா மேல பிரெஞ்சு, மேலிடத்துலயிருந்து வர்ற காயிதம் இங்கிலீஷு, கட்டில்ல கெடக்குறவங்க பேசுறது தமிழு, இதுக்கெல்லாம் நடுவுல நாங்க ரெண்டு நர்ஸு. அப்பதான் ஜனங்க எங்களையே கேக்க ஆரம்பிச்சாங்க, இருக்குமா போயிடுமா மறைக்காம சொல்லுன்னு. செத்துப் போயிடுவாருன்னு நேரா சொல்ல நாக்கு எழும்பல. வண்டிக்குச் சொல்லிடுங்கன்னு சொன்னோம், அதுவே நர்ஸுங்க பாஷையா நின்னு போச்சி. அதைத் தப்புன்னு நான் இன்னிக்கும் சொல்லமாட்டேன், யாரு வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன். செய்யறதெல்லாம் செஞ்சி முடிச்சப்புறம், நாடியைப் பிடிச்சி, பாதத்தைத் தொட்டு, தண்ணி விட்டா விழுங்குதான்னு பாத்து, இனிமே நம்ம கையில ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சாதான் சொல்லுவேன். அப்பவும் சொல்லிட்டு ஒரு ஓரமா போயி நின்னுக்குவேன். லேசான வார்த்தையா அது?

குருவிநத்தத்து ஆளு விஷயத்தை உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. ஆனாலும் எழுதுறேன், நீ அதை ஒரு பக்கத்துலயிருந்தே பாத்துக்கினு இருக்கே. அப்ப நீ ஆம்பளைங்க வார்டுல இருந்தே. ஆத்தங்கரை கொல்லையில கரும்பு வெட்டுறப்ப தூரு பாதத்துல குத்தி, ரணஜன்னி கண்டு வந்தவரு. தாடை கட்டிக்கிச்சி, சின்னதா ஒரு சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லா வளைஞ்சிது. அவரு பொண்டாட்டியும் மச்சானும் வண்டியோட வந்து நின்னப்ப நீதான் குறுக்க நின்னே. இந்த உடம்பை வண்டியில போட்டுக் குலுக்கினா வழியிலயே போயிடும், இங்க இருந்தா பொழைக்க வழி இருக்குன்னு சொன்னே. நீ சொன்னது அத்தனையும் சரி. நான் இருந்திருந்தா நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினே, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட நடந்தே, பக்கத்துக் கட்டில்காரங்க இருமினாக்கூட கையெடுத்துக் கும்பிட்டே. தாடை கொஞ்சம் தளர்ந்து கஞ்சித்தண்ணி உறிஞ்சினாரும்மான்னு லீவுல வந்து சொன்னியே, அப்ப இருந்த உன் மொகத்தை அப்புறம் நான் பாக்கவேயில்ல. நீ திரும்பிப் போன கொஞ்ச நாள்ல, ஒரு மத்தியானம், நீ உடம்பு துடைச்சிவிடுறப்பவே ஒரே இழுப்புல போயிட்டாரு.

ஊருல அவரை உள்ள விடல. ஆத்தோரத்துல வண்டியிலயே வச்சிருந்து அப்படியே கொண்டு போயிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சி அவரு பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தா, வாசல்ல உன்னைப் பாத்ததும் மண்ணை வாரி உன் மேல தூத்துனா. "அவரு கையால கட்டின வூட்டுக்குள்ள அவரைப் போவ வுடாம பண்ணிட்டியேடி, நீ நல்லா இருப்பியா"ன்னு கேட்டா. சுத்தி அத்தனை பேரு நின்னாங்க, உனக்காக ஒரு வார்த்தை யாரும் பேசல. பெரிய நர்ஸம்மா, போயி உடுப்பை மாத்திக்கினு வான்னு மட்டும் சொன்னாங்களாம். வூட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னே. நானாச்சும் உன்னை உக்கார வச்சிக் கேட்டிருக்கணும். இந்த வேலைன்னா அப்படித்தான் இருக்கும், தலைக்கு ஊத்திக்கோ, சாப்புடுன்னு சொல்லிட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டேன்.

அதுக்கப்புறம்தான் உன் பேரு கெளம்பிச்சி. பஸ்ஸுல, வில்லியனூர் சந்தையில, எங்க போனாலும் என்னைத் தெரிஞ்சவங்க கிட்ட வந்து, உங்க பொண்ணு சொன்னா நேரம் தப்பாதும்மான்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. திருவாண்டார்கோயில்லயிருந்து ஒருத்தரு வாழைத்தாரைத் தோள்ல தூக்கிக்கினு நம்ம வூடு விசாரிச்சி வந்தாரு. எங்க அப்பாவை வூட்டுல சாவ வச்சது உங்க பொண்ணுதான்னு கண்ணு கலங்கினாரு. எனக்கு அப்ப பெருமையாத்தான் இருந்திச்சி, அதை இன்னாத்துக்கு மறைக்கணும். தாரைக் கட்டித் தொங்கவிட்டு, பழுக்கப் பழுக்கத் தெருவுக்கே குடுத்தேன்.

பொங்கலுக்கு நீ வந்தப்பதான் எனக்கு ஒறைச்சிது. பக்கத்து வூட்டுப் பொண்ணு பானையை எறக்குறப்ப கையில கொதி தண்ணியைக் கொட்டிக்கினு அலறிக்கினு ஓடியாந்தாளே, நீ எழுந்துக்கல. வாசல்ல உக்காந்தவ உக்காந்தபடியே, அவ அம்மாவோட மொகத்தைப் பாத்துக்கினு இருந்தே. நான்தான் ஓடி வந்து தண்ணி ஊத்திக் கட்டுப் போட்டேன். சின்ன வயசுல கோழி நொண்டினாக்கூட துணியைக் கிழிச்சிக் கட்டின பொண்ணு நீ. உடம்பு சரியில்லையாடின்னு கேட்டேன். தூக்கம்மான்னே. நானும் அதோட விட்டுட்டேன், டூட்டி அலுப்புன்னு நெனைச்சிக்கிட்டேன்.

இப்ப சரோஜா விஷயத்துக்கு வரேன். நீ இதை எங்கயும் கேள்விப்பட்டிருக்க மாட்டே, கேள்விப்படக்கூடாதுன்னு நான்தான் ஊரு வாயை அடைச்சி வச்சேன். நம்ம பின் தெருவுக்குக் கல்யாணம் ஆகி வந்த பொண்ணு, டைபாய்டு காய்ச்சல்னு உன் வார்டுல கெடந்தாளே, மெலிஞ்ச உடம்பு, நீளமான ஜடை. காய்ச்சல் மூணாவது வாரத்துல பிதற்ற ஆரம்பிச்சா, விரலால போர்வையைக் கிள்ளிக் கிள்ளி இழுத்தா. போர்வையைக் கிள்ளினா போற உசுருன்னு அவ வூட்டு ஆளுங்களுக்கு ஒரு நம்பிக்கை. உன்னைக் கேட்டாங்க. நீ சொல்லிட்டே.

அவளை இங்க கொண்டாந்து கூடத்துல படுக்க வச்சாங்க, பாலும் ஊத்தினாங்க. மறுநாளு அவ மாமனாரு என்னைத் தேடி வந்தாரு. மரியாதையான மனுஷன், நெல்லும் கரும்புமா நல்லா பயிரு வைக்குறவரு, எங்கிட்ட அதுவரைக்கும் ஒரு சொல் அதிகமா பேசினதில்ல. "யம்மா, உங்க பொண்ணு சொன்ன மாதிரியே இட்டாந்துட்டோம், செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டோம். இன்னும் போவல. ஏன்னு கொஞ்சம் வந்து பாத்து சொல்லுங்க"ன்னாரு. வசந்தா, இத்தினி வருஷம் இந்த வேலையில என் காதுல விழாத கேள்வி அது.

போயி பாத்தேன். உதடு வெடிச்சி, நாக்கு காஞ்ச தோலு மாதிரி இருந்திச்சி. பாதத்தைத் தொட்டேன், சூடா இருந்திச்சி. நாடி வேகமா ஓடினாலும் விட்டு விட்டு ஓடல. துணியை நனைச்சி உதட்டுல வச்சேன், அப்புறம் கரண்டியில கொஞ்சம் தண்ணி விட்டேன். விழுங்கினா. கரண்டியை எடுத்ததும் இன்னும் வேணும்னு வாயைத் தெறந்தா. வண்டியைக் கட்டுங்க, திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம், பொழைச்சிக்குவான்னு கத்தினேன். மாமனாரு கோவப்படல. ஆஸ்பத்திரியே அனுப்பிட்ட பொண்ணை மறுபடி தூக்கினு போயி, அங்க போயிட்டா எங்க வூட்டு மருமக தெருவுல கெடக்கணுமான்னு கேட்டாரு. அதுக்கப்புறம் கேட்டதுதான் இன்னும் எனக்குள்ள நிக்குது. "உங்க பொண்ணு சொன்னதை நீங்களே இல்லன்னா நாங்க யாரைத்தான்மா நம்பறது?"

உங்க அண்ணனை அனுப்பி இங்க இருக்குற டாக்டரை இட்டார வச்சேன். அவரும் பாத்துட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போங்கன்னாரு, அவரையும் கும்பிட்டு அனுப்பிட்டாங்க. சரின்னு நானே அவ பக்கத்துல உக்காந்து, உப்பும் சக்கரையும் போட்டு கஞ்சித்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கினு இருந்தேன். பகல்ல என்னை உக்கார விட்டாங்க. பொழுது சாஞ்சா சொந்தக்காரங்க வந்துடுவாங்க, நீங்க போயி படுங்கம்மான்னு அனுப்பி வச்சிடுவாங்க. நான் இல்லாத நேரமெல்லாம் அவ வாயில யாரும் ஒரு சொட்டுத் தண்ணி விடல. கெட்டவங்க இல்லடி அவங்க. போற உசுரைத் தண்ணி குடுத்து இழுத்துப் பிடிக்கக்கூடாது, அது பாவம்னு நெனைச்சாங்க. சுத்தி உக்காந்து அழுதாங்க, நெத்தியில திருநீறு பூசினாங்க. அவ அப்படியே அடங்கிப் போயிட்டா.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சி அவ மாமனாரு மறுபடியும் நம்ம வூட்டுக்கு வந்தாரு. சண்டைக்குதான் வராருன்னு நெனைச்சேன், சண்டை போட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். கைகட்டி நின்னுக்கினு, உங்க பொண்ணு புண்ணியத்துலதான் எங்க மருமக வூட்டுல போனா, அதுக்கு நாங்க நன்றி சொன்னோம்னு மறக்காம சொல்லிடுங்கன்னாரு. நான் உனக்குச் சொல்லல, எப்படி சொல்றது. இப்ப சொல்லிட்டேன்.

அவ பொழைச்சிருப்பாளான்னுதான் நீ முதல்ல கேப்பே. எனக்குத் தெரியாது. பொழைச்சிருக்கலாம், அங்கயே போயிருந்தாலும் போயிருக்கலாம். டைபாய்டு அப்படித்தான் ஏமாத்தும். அதனால நான் அவ உசுருக்கு உன்கிட்ட கணக்குக் கேக்கல. நான் கேக்குறது வேற. அன்னிக்கு நீ அவ நாடியைப் பிடிச்சிப் பாத்தியா, தண்ணி விட்டுப் பாத்தியா, இல்ல கட்டிலைச் சுத்தி நின்னவங்க மொகத்தை மட்டும் பாத்தியா? எனக்கு நீ எழுத வேணாம். நீயே யோசிச்சிக்கோ.

நீ சோம்பேறி இல்ல, மனசு இளகாதவளும் இல்ல. ஊசி போட உன்னளவுக்குக் கை சுத்தம் யாருக்கும் வராது, அது என் பொண்ணுன்னு சொல்லல, கூட வேலை பாத்தவங்க சொன்னது. ஆனா அந்தக் குருவிநத்தத்துக்காரி இன்னொரு தடவை வாசல்ல வந்து நின்னுடக்கூடாதுன்னு நீ எல்லாரையும் முன்னாடியே அனுப்பிக்கினு இருக்கே. அனுப்பிட்டா யாரும் உன் மேல மண்ணு வாரிப் போட மாட்டாங்க, வாழைத்தாருதான் கொண்டு வருவாங்க. ஜனங்க சந்தோஷமா இருக்காங்க, டாக்டருக்கும் தொந்தரவு இல்ல, கட்டிலும் காலியாவுது. உன்னைத் தட்டிக் கேக்க ஒரு ஆளு இல்ல. ஆனா அதுல நீ தேய்ஞ்சி போயிக்கினு இருக்கே. பொங்கலுக்கு வாசல்ல உக்காந்திருந்தது என் பொண்ணு இல்ல. அதை நெனைச்சா இந்த மூச்சு முட்டலைவிட அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமா இருக்குது.

இதைப் படிச்சதும், எனக்கு இந்த வேலையே வேணாம், எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன்னு கெளம்புவே. உன் புத்தி எனக்குத் தெரியாதா? வரக்கூடாது. நீ வந்துட்டா அந்த வார்டுல யாரு செருப்பைக் கழட்டிட்டு நடப்பா? அந்தக் கரும்பு வெட்டுறவருக்கு நீ செஞ்சது தோத்துப் போச்சி, அவ்வளவுதான். தோத்ததால அது தப்பாயிடாது. அவரு பொண்டாட்டி அழுதது நியாயம், அவ கேட்டதுக்கு உன்கிட்ட பதில் இல்லாததும் நியாயம். ரெண்டையும் வச்சிக்கினுதான்டி அடுத்த கட்டிலுக்குப் போவணும். வேற வழி இருந்தா நான் எப்பவோ உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன்.

சரி, கேக்க வேண்டியதைக் கேக்குறேன். உங்க அண்ணன் இப்பவே நம்ம ஊரு வண்டிக்காரர்கிட்ட சொல்லி வச்சிட்டான். எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சிக்கினு இருக்கான். பாசம்தான், வேற இன்னா. அங்க வந்து நான் கண்ணு சொருகி, பேச்சு நின்னு கெடக்குறப்ப, அவன் டாக்டரைப் பாக்க மாட்டான், உன் மொகத்தைத்தான் பாப்பான். சித்தி, பெரியம்மாவெல்லாம் உன் கையைப் பிடிச்சிக்குவாங்க. பெத்தவளை வூட்டுல சாவ விடாத பொண்ணுன்னு பேசுவாங்க. நீ அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. என்னை அனுப்பக்கூடாது.

எனக்கு ஆசை இல்லன்னு நெனைச்சிடாதே. உங்க அப்பா படுத்திருந்த எடத்துல படுத்து, உங்க ரெண்டு பேரு மொகத்தையும் பாத்துக்கினே போவணும்னு எனக்கும் ஆசைதான். இதை எழுதுறப்ப அழுவுறேன், எழுத்து கலைஞ்சிருந்தா அதுதான் காரணம். ஆனாலும் நீ என்னை வச்சிக்கினு வேலையைப் பாரு. நீரு எறங்க ஊசி போடு. புரட்டிப் படுக்க வை, முதுகுல புண்ணு வர விடாதே. வாயைத் துடைச்சி விடு. விழுங்குற வரைக்கும் குடு. நேரத்துக்கு நேரம் நாடியைப் பாரு, அம்மா கைன்னு நெனைச்சிக் கையை இழுத்துக்காதே. பொழைச்சா வரேன், வந்து உன் தலையில ரெண்டு குட்டு வைக்குறேன். இல்லன்னா உன் கையிலயே அங்கயே போறேன். அப்படிப் போனா அது நீ தோத்தது இல்லன்னு, எனக்கு வாய் இருக்குறப்பவே சொல்லிடறேன்.

உடம்பை ஊருக்குக் கொண்டாந்து வாசல்ல வைங்க. உள்ள எடுக்க வேணாம், நம்ம ஊரு பெரியவங்களோட உங்க அண்ணன் மல்லுக்கு நிக்க வேணாம். வெயிலா இருந்தா ரெண்டு கீத்து கட்டச் சொல்லு. அவன் உன்னோட கொஞ்ச நாளைக்குப் பேசமாட்டான். அவன்கிட்டயும் இதெல்லாம் சொல்லத்தான் போறேன், தலையாட்டுவான், அந்த நேரத்துல மறந்துடுவான். நீ பொறுத்துக்கோ. அதுக்கப்புறம் எந்த ஊருலயிருந்து எவங்க வந்து, எங்க ஆளை அனுப்பிடுங்க, தெருவுல போட வைக்காதீங்கன்னு உன் காலைப் பிடிச்சாலும், எங்க அம்மாவும் வாசல்லதான் கெடந்தாங்கன்னு நீ சொல்லலாம். அதைக் கேட்டுட்டு உன்னை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. உனக்கு விட்டுட்டுப் போவ எங்கிட்ட அதுதான் இருக்குது.

காரியம் முடிஞ்சதும் வூட்டுலயே சுருண்டு கெடக்காதே, டூட்டிக்குப் போ. என் கட்டில்ல வேற யாராச்சும் படுத்திருப்பாங்க.

உன் அம்மா